வண்டிப்பாதைக்கு மேற்கு

மனிதர் நடந்து செல்லும் தடத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களைத் தொகுக்கப் புகுந்தால் ஒரு சிறு நிகண்டே உருவாகிவிடும். ஆறு என்றாலே பண்டைத் தமிழர்க்கு வழியும்தான். அதனால்தான் பரிசில் பெற்று மீளும் பாணன் எதிர்வரும் மற்றொருவனுக்கு வழி சொல்லும் பாட்டை ஆற்றுப்படை என்றனர். நெறி என்றும் அதர் என்றும் அதற்குப் பெயருண்டு. வெயில் கொளுத்தும் பாலை வழி சுரம். பலவாகக் கிளைத்துப் பிரியும் வழிக்குக் கவலை என்று பெயரிட்டவன் எவனோ, அவன் ஒரு முறையேனும் முன்பின் அறியாத காட்டில், எத்தடம் ஊருக்குப் போகும் என்று தெரியாமல் நின்றிருக்க வேண்டும். கொங்கு நாட்டார் இருபுற வேலிக்கு இடையே செல்லும் வழியை இட்டேரி என்பர். நம் கம்பம் பள்ளத்தாக்கில், மலையேறிக் கேரளத்துள் இறங்கும் கணவாய்க்கு மெட்டு என்று பெயர்: கம்பம்மெட்டு, போடிமெட்டு, இராமக்கல்மெட்டு, சாக்குலூத்துமெட்டு. இவற்றோடு சேர்க்கத் தக்க சொல் இன்னும் ஒன்றுண்டு. புலவர்கள் அதனைப் பாடியதாக நமக்கு நினைவில்லை. வருவாய்த் துறையின் பதிவேடுகளிலேதான் அது உயிர்வாழ்கிறது. வண்டிப்பாதை என்பதே அச்சொல்.

நாம் குடியிருப்பது மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள கோம்பையில். ஆசிரியப் பணி உத்தமபாளையத்தில். இடைத்தொலைவு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். தார்ச்சாலையும் உண்டு, பேருந்தும் உண்டு. ஆயினும் 2014-ஆம் ஆண்டு முதல் நாம் காலையில் கல்லூரிக்குச் செல்வது மலைமிதிவண்டியில், புஞ்சைகளுக்கு ஊடே செல்லும் வண்டிப்பாதை வழியாகவே. போட்டித் தேர்வு எழுதும் மாணாக்கர்க்கு ஏழு மணிக்குத் தமிழ்ப் பாடம் நடத்தும் பொறுப்பை ஏற்றதிலிருந்து இவ்வழக்கம் உறுதிப்பட்டது. சுபுஹுத் தொழுகை முடிந்து ஒரு குவளைத் தேநீர் அருந்திப் புறப்பட்டால் மணி ஐந்தே முக்கால் ஆகும்.

தார்ச்சாலையை விட்டது ஏன் என்று உடன்பணியாற்றும் நண்பர்கள் கேட்பர். அவர்கள் அந்நேரத்துச் சாலையைக் கண்டதில்லை. ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே இப்பகுதிச் சாலைகள் ஜீப்புகளுக்கே உரியவை. இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் தூக்குப்பாத்திரமும் போர்வையுமாக ஒருவர் மடிமேல் ஒருவராக நெருங்கி அமர்ந்திருக்க, மலையேறி நேரத்தோடு தோட்டம் சேர வேண்டுமே என்ற பதைப்பில் ஓட்டுநர் விரைவார். அவரைக் குறை கூறவும் மனம் வருவதில்லை. முன்பு இப்பெண்களின் தாய்மார் கால்நடையாகவே மெட்டு ஏறினர். தேவாரத்திலிருந்து சாக்குலூத்துமெட்டுக்குச் சாலை வேண்டும் என்பது இவ்வட்டாரத்தாரின் நெடுநாள் கோரிக்கை. கண்ணெதிரே தெரியும் மலையுச்சிக்குப் போக ஊரெல்லாம் சுற்ற வேண்டியிருக்கிறது. ஒளிகுன்றிய விளக்கோடு ஒரு மிதிவண்டி அவ்வேளையில் அச்சாலையின் ஓரத்தில் ஊர்வது அவர்களுக்கும் இடர், நமக்கும் இடர். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை செல்லும் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

வண்டிப்பாதையோ வேறோர் உலகம். ஊரைத் தாண்டிப் பதினெட்டாம் கால்வாயின் கரைமேல் சிறிது தொலைவு. கால்வாயில் நீர் ஆண்டெல்லாம் இராது, கண்மாய்களை நிரப்பத் திறந்துவிடும் சில வாரங்களில்தான் அக்கரை குளிர்ந்திருக்கும். பிறகு செம்மண் தடம், கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்கும். மொச்சை, நிலக்கடலை, சோளம் என மானாவாரிப் புஞ்சைகள். இடையிடையே கிணற்றுப் பாசனத் தென்னந்தோப்புகள். பின்புறம் இராமக்கல்மெட்டின் பாறைமுகடும் அதன்மேல் சுழலும் காற்றாலைகளும். எதிரே மேகமலை. பள்ளத்தாக்கு முழுதும் வெளுத்த பின்னும் கதிரவன் அம்மலைக்கு அப்பால் நெடுநேரம் தங்கியிருப்பான். ஆதலின் ஒளி உண்டு, வெயில் இல்லை என்னும் ஓர் அரைமணி நமக்கு நாள்தோறும் வாய்க்கிறது. உத்தமபாளையம் நெருங்க நெருங்க மண்ணின் நிறம் கறுக்கும். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் மேற்கே பாய வேண்டிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியது. அந்நீர் பாயும் நெல்வயல்கள் அங்கே தொடங்குகின்றன. எட்டுக் கிலோமீட்டருக்குள் குறிஞ்சியின் ஓரமும் முல்லையும் மருதமும் கண்டு பாடம் நடத்தச் செல்லும் தமிழாசிரியர்கள் எத்தனை பேர் என்று நாம் சற்றே செருக்குற்றதும் உண்டு.

அவ்வேளையில் தடத்தின் புழுதியில் பக்கி என்னும் பறவை படுத்திருக்கும். மண்ணின் நிறமே அதன் நிறம். விளக்கொளியில் அதன் கண் மட்டும் கனல்போல் சிவந்து தெரியும். உருளி ஏறப்போகிறது என்று நாம் அஞ்சும் கணத்தில் ஓசையின்றி எழுந்து பத்தடி தள்ளி மீண்டும் பாதையிலேயே அமரும். ஆக்காட்டி நம் வரவை ஊருக்கெல்லாம் அறிவிக்கும். மயில்கள் விலகுவதேயில்லை. நாய்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோம்பைக்காரன் என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தகுதியில்லை. செம்பழுப்பு உடலும் கரிய மூஞ்சியுமாகக் கோம்பை நாய் பெயர்பெற்றது அதன் காவலால்தான். அக்காவலுக்கு மிதிவண்டி ஓட்டுநன் விலக்கல்லன். முதல் இரண்டு திங்கள் அவை நம்மைத் துரத்தின. பின்னர் நம் நேரத்தை அறிந்துகொண்டன. தோட்டத்து வாயிலில் எழுந்து நின்று ஒரு முறை குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். வருகைப் பதிவேடு போலும்!

வண்டியைப் பற்றியும் கூற வேண்டும். முன்பு நம்மிடம் இருந்தது 28 அங்குல உருளியுடைய பழைய கறுப்பு மிதிவண்டி. தார்ச்சாலையில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஒன்றரை அங்குல அகலமே உள்ள அதன் டயர், வண்டிச் சோட்டின் மணலில் கத்திபோல் இறங்கிவிடும். வெளிநாட்டில் பணிபுரியும் மருமகன் விடுமுறையில் வந்தபோது வாங்கித் தந்தது இம்மலைமிதிவண்டி. இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமும் கட்டைகட்டையான பற்களும் உள்ள டயர். காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் மணல்மேல் பரவி மிதந்து செல்கிறது. முன்னே மூன்றும் பின்னே ஏழுமாகப் பற்சக்கரங்கள், 21 கியர். மட்கார்டும் இல்லை, கேரியரும் இல்லை. சேற்றுக் காலத்தில் முதுகெல்லாம் கோலமிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக முடியுமா? சைக்கிள் கடைக்காரரிடம் அவ்விரண்டையும் பொருத்தச் சொன்னோம். "பந்தயக் குதிரைக்குப் பொதிமூட்டை கட்டச் சொல்றீங்களே ஐயா" என்று சிரித்துக்கொண்டே பொருத்தினார்.

அவர் சொன்னதில் பொருளுண்டு. இவ்வண்டி விளையாட்டில் பிறந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் மாவட்டத்து இளைஞர் சிலர், காற்றடைத்த பருத்த டயர்களையுடைய பழைய ஷ்வின் மிதிவண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, தமல்பையஸ் மலையிலும் சுற்றுப்புறக் குன்றுகளிலும் ஏற்றிச் சென்று சரிவில் ஓட்டினர். 1976 அக்டோபர் 21 அன்று ஒரு செங்குத்தான மண்பாதையில் முறையாகப் பந்தயமும் வைத்தனர். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் முழுதும் வெந்து புகைந்துவிடுமாம். மீண்டும் கிரீஸ் அடைத்தாலன்றி ஓட்ட இயலாது. அதனால் அப்பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1977-இல் ஜோ பிரீஸ் என்பார் இதற்கெனவே புதிய சட்டகம் சமைத்தார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் இவ்வகை வண்டி விற்க ஒரு நிறுவனம் தொடங்கினர். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது போட்டியாகவும் ஆயிற்று. நமக்கு வியப்பளிப்பது ஒன்று. அவ்விளைஞர் கைக்கொண்ட பழைய வண்டிகள் செய்தித்தாள் போடும் சிறுவர்களுக்கு உகந்த உழைப்பு வண்டிகளாக இருந்தவை. உழைப்பிலிருந்து விளையாட்டுக்குப் போன வண்டியைக் கேரியர் பூட்டி மீண்டும் உழைப்புக்கே அழைத்துவந்தோம் என்று அக்கடைக்காரரிடம் சொன்னோம். அவர் டியூபை நீரில் அழுத்திக் குமிழி பார்ப்பதில் முனைந்திருந்தார்.

காலையில் இறக்கம்; மாலையில் ஏற்றம். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலை இடுக்குகளின் வழியே பள்ளத்தாக்கில் புகும். காலையில் முதுகில் கைவைத்துத் தள்ளும் அக்காற்று மாலையில் நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். 21 கியரில் ஆகச் சிறியதைப் போட்டும் நடைவேகத்தில்தான் ஏறுவோம். 2023-இல் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் வந்தது மே 27 அன்று; அதனைப் பிடித்தது ஜூன் 5 அன்று. அந்நாள்களில் மட்டும் இத்தடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. நாமும் பேருந்தில்தான் போய்வந்தோம். மற்றபடி நமக்கு நாள்தோறும் பகை நெருஞ்சிதான். குறுந்தொகையில் தலைவி ஒருத்தி, முதலில் இனியவனாக இருந்து பின் இன்னாதவனாகிய தலைவனுக்கு, கண்ணுக்கினிய பூவைக் காட்டிப் பின் முள் பயக்கும் நெருஞ்சியை உவமை கூறுகிறாள். அவ்வுவமையின் நயத்தை வகுப்பில் விளக்கப் பத்து நிமிடம் ஆகும். டியூபில் ஏறிய நெருஞ்சி முள்ளைக் கையால் தடவி எடுத்துச் சொலூஷன் தடவி ஒட்டவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது.

இப்பாதையில் நாம் தனியர் அல்லேம். எக்ஸெல் வண்டியில் பால்கேன் தொங்கவிட்டுச் செல்லும் பால்காரர் உண்டு. தென்னந்தோப்புக்கு நீர் பாய்ச்ச மோட்டார் போடச் செல்வோர் உண்டு. ஆடு ஓட்டிவரும் மூதாட்டி ஒருவர் உண்டு. நாம் அவரை ஆத்தா என்போம். தோட்டத்து வீடுகளிலிருந்து பள்ளிக்குச் செல்லும் சிறுமியர், அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் வருவர். பதினோராம் வகுப்பு மாணாக்கர் அனைவர்க்கும் அத்திட்டம் விரிந்தது 2005-06-இல். வண்டி கிடைத்தது, ஆனால் சாலையில் ஓட்டிச் செல்லப் பெற்றோர் அஞ்சுவர். வண்டிப்பாதை என்றால் விடுவர். இல்லாத மாட்டுவண்டிகளின் பாதையை இவர்கள்தாம் இன்று தேய்த்து வைத்திருக்கிறார்கள். தேயாத இடத்தில் முதல் மழைக்குப் புல்லும், அடுத்த ஆண்டு சீமைக்கருவேலமும் ஏறும். அதன்பின் ஏர் ஏறும். ஆண்டுக்கு ஒரு சால் என்று உழுதால் யார் கேட்பார்?

2018-ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு காலை, பாதையின் நடுவில் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. ஒரு மிதிவண்டி ஒதுங்கிச் செல்லும் இடமே எஞ்சியிருந்தது. பால்காரர் கேனைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வண்டியைத் தள்ளினார். நிலத்துக்குரியவர் நல்ல மனிதர், ஊரில் மதிப்புடையவர். அவருடைய மகன் நம் துறையில் இரண்டாம் ஆண்டு பயின்று வந்தான், முன்வரிசையில் அமர்பவன்.

அவரிடம் நேரில் பேசினோம். அவர் சினக்கவில்லை. "ஒத்தைச் சைக்கிளுக்கு எம்புட்டுப் பாதை வேணும் வாத்தியாரய்யா? நீங்க போக வர எடம் விட்டுத்தானே ஊன்டியிருக்கேன்" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. உண்மையில் நமக்கு அவ்வளவே போதும். ஆடுகளை ஒதுக்கி நின்றிருந்த ஆத்தாதான் சொன்னார்: "சைக்கிளுக்கு ஒரு முழம் போதும்யா. பாடைக்கு நாலு ஆளு தோளு வேணும்ல." சுடுகாட்டுக்கும் அவ்வழியேதான் செல்ல வேண்டும். அவர் அவ்வம்மையைப் பார்க்கவில்லை; தோப்பின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரகத்தில் குறைதீர் நாள் மனு கொடுக்கப் பதினோரு பேர் சென்றனர். மனுவை எழுதியது நாம். முதல் கையெழுத்தும் நம்முடையது. மனு நம் கையெழுத்திலேயே இருந்தது வீட்டிலும் வகுப்பிலும் பேசப்பட்டிருக்க வேண்டும். அம்மாணவன் முன்வரிசையை விட்டுப் போகவில்லை. ஆனால் தலையை நிமிர்த்துவதை விட்டுவிட்டான். ஆசிரியனாக நமக்கு அதைவிடக் கடினமான காலம் நினைவில் இல்லை. தந்தையின்மேல் மனு எழுதியவரிடம் மகன் பாடம் கேட்பதெப்படி? அவனிடம் தனியே பேசலாமா என்றும் எண்ணினோம். பேசினால் அவனைத் தந்தைக்கு எதிரே நிறுத்துவதாகும் என்று தவிர்த்தோம்.

அப்பருவத்தில் ஆவணத் தமிழ் என்றொரு பகுதி நடத்திவந்தோம். சூன் மாதத்திலேயே அனைவர்க்கும் ஒரு பணி கொடுத்திருந்தோம்: வீட்டிலுள்ள பழைய கிரயப் பத்திரமோ பாகப்பிரிவினைப் பத்திரமோ ஒன்றைப் படித்துப் படியெடுத்து, அதன் சொல்வழக்கை வகுப்பில் விளக்க வேண்டும். புரட்டாசியில் அவன் முறை வந்தது. வேறொரு பத்திரத்தைக் கொண்டுவரலாம் என்று அவனுக்குச் சொல்லியனுப்ப நினைத்தோம். அதற்குள் எழுந்து நின்றுவிட்டான். தன் பாட்டனார் பெயருக்கு எழுதிய கிரயப் பத்திரம். தெளிவான குரலில் படித்தான். செக்குபந்தி என்ற சொல்லுக்கு நான்கு எல்லை என்று பொருள் கூறினான். பிறகு எல்லைகளைப் படித்தான். "வண்டிப்பாதைக்கு மேற்கு" என்பதே முதல் எல்லை. அவ்விடத்தில் அவன் குரல் தாழவும் இல்லை, உயரவும் இல்லை. மற்ற மூன்று எல்லைகளையும் அதே குரலில் படித்து முடித்து அமர்ந்தான். வகுப்பில் ஓரிருவர் திரும்பிப் பார்த்தனர். செக்குபந்தி என்னும் சொல்லின் தோற்றம் பற்றி ஓரிரு சொல் கூறிவிட்டு அடுத்த மாணவியை எழுப்பினோம். நமக்கு வேறென்ன செய்ய இயலும்?

அதை வீட்டிலும் படித்துக் காட்டினானா, அன்றி அவர் தாமே முன்பே அறிந்ததுதானா, நாம் கேட்டதில்லை. ஐப்பசி மழைக்கு முன் நில அளவையர் வந்தார். பழைய புலப்படத்தில் பாதையின் அகலம் 20 லிங்க்ஸ், அதாவது ஏறத்தாழ நான்கு மீட்டர். சங்கிலியின் ஒரு முனையை உதவியாளர் பிடிக்க, மறுமுனையை அத்தந்தையே பிடித்துக்கொண்டு நின்றார். தூண்கள் ஒரு வாரத்தில் பெயர்ந்தன. மீண்டும் நட்டபோது பாதைக்கு மூன்று மீட்டர் கிடைத்தது. எஞ்சிய ஒரு மீட்டரைப் பற்றி மனுப் போட்ட பதினோரு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை. சட்டப்படி அது சரியன்று என்று வழக்கறிஞர் நண்பர் இன்றும் கூறுவார். அவர் சாலையில் வருபவர். அவரை நாள்தோறும் எதிரில் காண வேண்டியது நமக்கன்றோ!

அம்மாணவன் பட்டம் பெற்று, கோவையில் பணியிலிருக்கிறான். பெருநாளைக்கு வாழ்த்துச் சொல்லி அழைப்பான். பாதையைப் பற்றி இதுவரை இருவரும் பேசியதில்லை.

ஆத்தா சென்ற மார்கழியில் காலமானார். மாலையில் நாம் கல்லூரியிலிருந்து திரும்பும்போது எதிரே பாடை வந்தது. வண்டியை நிலக்கடலைப் புஞ்சைக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம். முள்கம்பி இருந்த இடத்தில் கொட்டுக்காரர் முன்னே ஒதுங்கி ஒருவர் பின் ஒருவராக நடந்தனர். சுமந்தோர் அணி குலையாமலே கடந்தனர். அவர்களுள் முன் வலப்புறம் தோள் கொடுத்திருந்தவர் அந்நிலத்துக்குரியவர்.